வாழ்த்தில் தொடங்காதீர், காட்சியில் தொடங்குவீர்!

தருமபுரியிலிருந்து சேலத்திற்குப் பேருந்திற் செல்லும் எவரும் தொப்பூர்க் கணவாயை அறிவர். வளைந்து வளைந்து இறங்கும் அச்சாலையிற் சரக்குந்துகளின் இரைச்சலுக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வாரும், உறங்கியே கழிப்பாரும் உளர். இருமருங்கிலும் நிற்கும் குன்றுகளை ஏறிட்டுப் பார்ப்பார் மிகச் சிலர். 1790ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படைக்குத் தப்பித் திப்புவின் படை கடந்தது இக்கணவாயைத்தான். அதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்பே இந்நாட்டில் 'அதியமான் பெருவழி' என்றொரு சாலை இருந்தது. தருமபுரிப் பக்கத்திற் கிடைத்த காதக் கற்கள் அதனைச் சொல்கின்றன. நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு ஒரு கல்லில் 27 காதம் என்றும், மற்றொரு கல்லில் 29 காதம் என்றும் பொறித்திருக்கின்றனர். எழுத்தறியாத வழிப்போக்கனும் அறிந்துகொள்ளுமாறு, பத்துக்கு ஒரு பெருங்குழியும் ஒன்றுக்கு ஒரு சிறு குழியுமாகத் தொலைவைக் கல்லிற் குழித்தும் காட்டியிருக்கின்றனர். எழுதத் தெரிந்தவன் எழுதத் தெரியாதவனை மறவாதிருந்த நாடு இது என்பதை அன்பர்கள் உள்ளத்திற் கொள்க. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது வேண்டியிருக்கும்.

தொப்பூரைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து பதினொருவர் சேர்ந்து, வரலாறு காக்கும் சிறு குழு ஒன்றை நடத்தி வருகிறோம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் அதன் செயலன். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், தையற்கடைக்காரர் ஒருவர், பால் கூட்டுறவில் வேலை பார்ப்பவர் ஒருவர், கல்லூரியிற் பயிலும் பெண்கள் இருவர், என் பழைய மாணாக்கர் சிலர் ஆகியோரே உறுப்பினர். எங்கள் பெருமையைச் சொல்ல இதனை எழுதவில்லை. எங்கள் குற்றம் ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். நாடெங்கும் இத்தகைய மன்றங்களை நடத்தும் தமிழன்பர்கள் அக்குற்றத்தைத் தாமும் செய்யாதிருக்க வேண்டுமென்பதே என் விருப்பம்.

சில ஆண்டுகட்கு முன், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர், ஓர் ஓடைக்கரையில் முட்புதருக்குள் "வில்லுப் புடிச்ச ஆளும் எழுத்தும் இருக்கற கல்லு" ஒன்று கிடப்பதாக எங்கள் இளைஞர் ஒருவரிடம் சொன்னார். அவர் வந்து கூட்டத்திற் சொன்னார். "விரைவிற் சென்று காணப்படும்" என்று நானே என் கையாற் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினேன். அது எங்கள் ஆண்டுவிழாத் திங்கள். அழைப்பிதழில் எவர் பெயர் மேலே வருவது, எவர் பெயர் பெரிய எழுத்தில் வருவது, பொன்னாடை முதலில் எவருக்கு என்னும் சிக்கல்களிலேயே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. விழா இனிதே நடந்தது. நாளிதழில் ஒளிப்படமும் வந்தது. அவ்விழாவில் நான் ஒருமணி நேரம் பேசினேன். என் தலைப்பு 'நடுகற்களைக் காப்போம்' என்பது.

ஐந்தாம் ஞாயிறன்று அந்த ஓடைக்குப் போனோம். பொக்லைன் என்று ஊரார் சொல்லும் மண்வாரிப் பொறி எங்களுக்கு முன்னரே வந்து போயிருந்தது. ஓடையின் குறுக்கே சிறு பாலம் கட்டக் கரையை வெட்டியிருந்தனர். புதரும் இல்லை, கல்லும் இல்லை. நெடுநேரம் தேடியபின், பாலத்தின் பக்கச்சுவரில் வைத்துக் கட்டிய கற்களுள் ஒன்றில் வில்லின் ஒரு பாதியும், தேய்ந்த எழுத்து மூன்றும் தெரிந்தன. மறவனின் முகம் எங்கே போயிற்றோ, பெயர் எங்கே போயிற்றோ, யாம் அறியோம். ஆட்டோடு அவ்வழியே வந்த அம்மூதாட்டி, "கல்லு இருக்கையில வரல. போனப்புறம் வந்து நிக்கறீங்களே, வாத்தியாரே!" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை, வியந்துதான் சொன்னார். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் என்னை அவ்வளவு நாணவைத்த சொல் வேறொன்றில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியலை எடுத்து வைத்துக்கொண்டேன். நடுகல் எடுக்கும் முறையை ஆறு துறைகளாக ஆசான் வகுத்துரைத்திருப்பதை நான் எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன். கல்லைத் தேடிக் காண்பது காட்சி. கண்டதைத் தேர்ந்து பணியைத் தொடங்குவது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. இடமறிந்து நிறுத்துவது நடுதல். படையலிட்டுப் பலரும் கூடுவது பெரும்படை. புகழ்ந்து பாடுவது வாழ்த்தல். இவ்வரிசையில் வாழ்த்து கடைசியில் நிற்கிறது. நாமோ அதனைத் தலைகீழாக்கிவிட்டோம். வாழ்த்திலே தொடங்குகிறோம், வாழ்த்திலேயே முடிந்தும் போகிறோம். நம் ஊர்களில் வரலாற்று மன்றங்கள் தோன்றிய வேகத்திலேயே மறைந்துபோவதற்கு இதனினும் பெரிய ஏது எனக்குத் தெரியவில்லை.

வாழ்த்தினால் வரலாறு நிலைக்குமாயின் தகடூரின் வரலாறு முழுமையாக நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதியமானையும் தகடூர்ப் போரையும் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் அழிந்துபோயிற்று. புறத்திரட்டு முதலியவற்றிற் சிக்கிய பாடல்கள் சிலவே எஞ்சின. பாடப்பட்டதும் படி எடுத்து வைப்பார் இல்லையேல் அழியும் என்பதற்கு நம் மண்ணின் நூலே சான்று. ஆனால் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் தாங்கிய தமிழி எழுத்துக் கல்வெட்டு, திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் 1981ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அசோகன் தன் கல்வெட்டிற் குறித்த சத்தியபுத்திரர் எவர் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். அவர் அதியமான் மரபினரே என்பதற்கு அந்த ஒருவரிக் கல்வெட்டு வலுவான சான்றாயிற்று. மேடையில் நூறாண்டு முழங்கியிருந்தாலும் அது முடிந்திராது. எவரோ ஒருவர் குன்றேறிப் பாறையைப் பார்த்தமையால் முடிந்தது. இதுவே காட்சியின் ஆற்றல்.

குன்றேறிப் பார்ப்பது அரசின் தொல்லியல் துறைக்கு உரிய வேலையன்றோ என்று கேட்பார் உளர். அத்துறை செய்த தொண்டு பெரிது. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூல் வெளிவந்த பின்னரே, பல்லவர் காலத்து எளிய மறவர்களின் பெயர்கள் நாடறியத் தொடங்கின. எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவன்மன் காலத்தில் எருமைத் தொறுவைக் காக்கப் பொருது வீழ்ந்த ஒருவனோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கின்றனர். நாய்க்கும் நன்றி மறவாத இனம் நம்மினம். ஆயினும் ஒரு மாவட்டத்திற்கு ஓரிரு அலுவலர் இருந்தால், ஒவ்வோர் ஓடைக்கரைக்கும் அவர் எங்ஙனம் வருவார்? ஊரிலிருப்பவன் பார்த்துச் சொன்னாலன்றோ அவர் வரமுடியும்?

அங்ஙனம் பார்த்துச் சொன்னவர்களுள் ஆசிரியர் பலர் என்பதை எண்ணி நான் பெருமிதமும் அச்சமும் ஒருங்கே கொள்கிறேன். இன்று உலகறிந்த கீழடியில், 1970களிலேயே கிணறு தோண்டிய இடத்திற் பழம்பொருள்கள் கிடைப்பதை மாணாக்கர் வாயிலாக அறிந்து, அவற்றைத் திரட்டிப் பள்ளியில் வைத்துத் துறையினர்க்கும் தெரிவித்தவர் பாலசுப்பிரமணியம் என்னும் வரலாற்று ஆசிரியர். அங்கு அகழாய்வு தொடங்கியது 2015இல். அருங்காட்சியகம் திறந்தது 2023இல். நாற்பதாண்டுக் காலம் ஓர் ஆசிரியரின் குறிப்பு காத்துக்கிடந்திருக்கிறது. அக்குறிப்பு இல்லாதிருப்பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருப்புறம்பயத்துச் சதாசிவப் பண்டாரத்தார் கும்பகோணத்துப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராய் இருந்துகொண்டே கல்வெட்டுகளைப் பயின்று 'பிற்காலச் சோழர் வரலாறு' எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளியாசிரியராக வாழ்ந்தவர். ஈரோட்டுப் புலவர் செ. இராசு தமிழாசிரியராய்த் தொடங்கிக் கொங்குநாட்டுக் கல்லையும் செப்பேட்டையும் சுவடியையும் தேடித் தேடிப் பதிப்பித்து, 2023இல் மறையும் வரை ஓயாதிருந்தார். இவர்களுள் எவரும் பெரும்பொருள் படைத்தவரல்லர். நடக்கக் காலும், எழுதக் கையும், தள்ளிப்போடாத உள்ளமுமே இவர்களின் முதல்.

இனி, ஒரு சிற்றூர் வரலாற்று மன்றத்தை எங்ஙனம் நடத்துவது என்பதைத் தொல்காப்பியர் காட்டிய வரிசையிலேயே, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவாறு கூறுகிறேன்.

முதலாவது காட்சி. திங்களுக்கு இரண்டு ஞாயிறு நடைக்கென்று ஒதுக்குங்கள். அந்நாளிற் கூட்டம் வேண்டா, பேச்சு வேண்டா. ஓர் ஊர், ஓர் ஏரிக்கரை, ஒரு குன்றடி என்று எல்லை வகுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் வேடியப்பன் கோயில் என்று இருப்பவற்றுட் பலவற்றில் வழிபடப்படுவது நடுகல்லே. ஆதலின் கோயிற் பூசாரியும், ஆடு மேய்ப்பவரும், விறகு பொறுக்கும் பெண்டிரும், கிணறு வெட்டுவோருமே நமக்கு முதலாசிரியர். அவர்களிடம் கற்பிக்கப் போகாதீர், கேட்கப் போங்கள். கல்லை மட்டும் கேளாதீர். மேட்டூர் அணை 1934இற் கட்டி முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருள் மூழ்கின. நீர் வற்றும் கோடையிற் பண்ணவாடிப் பக்கத்தே பழங்கோயிலின் நந்தி வெளியே தெரிகிறது; அதைக் காணக் கூட்டம் கூடுகிறது. ஆனால் அம்மூழ்கிய ஊர்களின் தெருப்பெயரையும் கிணற்றுப்பெயரையும் தம் பெற்றோர் வாயாற் கேட்ட முதியோர், எந்தக் கோடையிலும் மீண்டும் வெளிப்படப் போவதில்லை. அவர்கள் இருக்கும்போதே கைப்பேசியிற் குரலைப் பதிந்து, வீட்டுக்கு வந்து ஏட்டிலும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கால்கோள். கண்டவுடன் எழுதத் தொடங்குங்கள். எங்கள் பதிவேட்டின் முதற்கட்டம் கல்லின் பெயரன்று. 'முதலிற் சொன்னவர்' என்பதே. அடுத்துக் கண்ட நாள், ஊர், நிலத்துக்குரியவர், கைப்பேசி காட்டும் இட எண், கல்லின் உயரமும் அகலமும், அது முகம்பார்க்கும் திசை, எழுத்து வரிகளின் எண்ணிக்கை, ஒளிப்பட எண் என்பன. கடைசிக் கட்டம் 'மீண்டும் பார்த்த நாள்'. ஆண்டுக்கு ஒருமுறையேனும் போய்ப் பார்த்து அக்கட்டத்தை நிரப்பவேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மன்றத்தைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துகொள்வது நன்று. ஆனால் மன்றம் வாழ்வது பதிவாளர் அலுவலகத்து ஏட்டிலன்று, இந்தப் பதிவேட்டில்தான். இதற்கு இரண்டு படிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். செயலர் வீட்டுப் பரணில் ஒரே ஏடாகக் கிடந்து கறையானுக்கு இரையான மன்ற வரலாறுகள் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்.

மூன்றாவது நீர்ப்படை. கல்லைத் தூய்மை செய்வதும் படியெடுப்பதும் இதன்பாற் படும். நல்ல நீரும் மெல்லிய தூரிகையும் போதும். எழுத்து விளங்கவேண்டுமென்று சுண்ணக்கோலால் தேய்ப்பதும், வண்ணம் பூசுவதும், ஆணியாற் கீறுவதும் கல்லுக்குச் செய்யும் கொலை. காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் ஒளிப்படம் எடுத்தால், நண்பகலில் தெரியாத எழுத்துகள் எழுந்து நிற்கும். இரவாயிற் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கைப் பிடியுங்கள்; அருகில் ஓர் அளவுகோலையும் வையுங்கள். மைப்படி எடுக்கக் கற்றவரிடம் பழகிக்கொள்வது சாலச் சிறந்தது. ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்துத் தூரிகையால் அடித்துப் பள்ளங்களிற் படியவைத்து, மையை ஒற்றி எடுக்கும் அக்கலையை ஒரு நாளிற் பார்த்துக்கொள்ளலாம். கைவர ஓராண்டு ஆகும். திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. இராசகுரு 2010இல் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணாக்கரே கல்வெட்டுப் படிக்கவும் படியெடுக்கவும் பழகினர். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இயல்வது நமக்கு இயலாதா?

நான்காவது நடுதல். கல்லை அதன் இடத்திலேயே காக்க முயலுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துக்கொள்வது காப்பன்று. அது வரலாற்றின் வேரை அறுப்பது. ஊரார் வழிபடும் கல்லாயின் அவர்கள் உடன்பாடின்றித் தொடவும் வேண்டா. சாலைப்பணியோ கட்டடப்பணியோ வரும் இடமாயின் ஊர் ஆளுகை அலுவலர்க்கும் வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் ஒளிப்படத்தோடு எழுதுங்கள்; எழுதியதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுள் பொன்னோ காசோ பிற பொருளோ கிடைப்பின் மறைக்காதீர். பத்து உருபாவுக்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டுமென்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இதனை ஊராரிடம் எடுத்துச் சொல்வதும் நம் கடனே. கணவாய்ச் சாலையை மாற்றியமைக்கும் திட்டங்கள் வரும் இக்காலத்தில் எங்கள் பதிவேடு ஒன்றே எங்களுக்குப் படைக்கலம். பட்டியல் இல்லாதவன் எதைக் காக்கச் சொல்லி எழுதுவான்?

ஐந்தாவது பெரும்படை. கண்டதைப் பலர்க்கும் பரிமாறுவது இது. கண்டதைப் பூட்டி வைத்துக்கொள்ளும் நோய் நம்மிற் பலர்க்கு உண்டு. "நான் நூல் எழுதும் வரை எவரும் அறியவேண்டா" என்று மறைப்பார். நூலும் வாராது, கல்லும் இராது. தஞ்சையை நடுவாகக் கொண்ட தொல்லியற் கழகம் 1991 முதல் 'ஆவணம்' இதழை வெளியிட்டு வருகிறது. ஊர்தோறும் அன்பர்கள் கண்ட புதிய கல்வெட்டுகள் அதில் ஆண்டுதோறும் வெளியாகின்றன. அத்தகைய இடங்கட்கு எழுதி அனுப்புங்கள். அதற்கு முன், அந்த ஊர்ப் பள்ளியிலேயே அக்கல்லின் கதையைப் பிள்ளைகட்குச் சொல்லுங்கள். தன் கல் இன்னதென்று அறிந்த ஊரார் அதனை உடைக்க விடமாட்டார்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைக் கூறாமல் இருக்க இயலவில்லை. இவை நம்மவர்க்கே உரியவை. ஆதலிற் சற்றுக் கசக்கும்.

ஒன்று, பொய்ப்பழமை. வட்டெழுத்தில் அமைந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்லைக் கண்டவுடன் 'ஈராயிரம் ஆண்டுப் பழமை' என்று நாளிதழுக்குச் சொல்லிவிடும் ஆவல் நம்மிடம் இருக்கிறது. தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணித் தமிழைப் பொய்ச்சான்றுக் கூண்டில் ஏற்றுகிறோம். தேனிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இற் கண்ட நடுகற்களில் தமிழி எழுத்தே இருந்தது. தொல்காப்பியத்திலுள்ள 'ஆகோள்' என்னும் சொல்லே ஒன்றிற் பொறித்திருந்தது. முன்பு நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருட்டிணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையிற் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4200 ஆண்டுப் பழமையுடையதென்று 2022இல் அறிவிக்கப்பட்டது. உண்மையே இவ்வளவு உயரமாய் நிற்கும்போது பொய்க்கால் கட்டுவானேன்? அதுபோன்றே, கன்னட எழுத்துக் கல் கிடைத்தால் மூடிவிட்டு வருவதும் பொய்யே. ஒன்பதாம் நூற்றாண்டு நுளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டு தருமபுரியிலேயே இருந்திருக்கிறது. அதுவும் இம்மண்ணின் வரலாறு. தமிழ்க்கல்லைப் படியெடுக்கும் அதே ஒழுங்கோடு அதனையும் படியெடுத்துப் படிக்கத் தெரிந்தவர்க்கு அனுப்புக. தன் மொழியில் உறுதியுடையான் பிறமொழிக் கல்லுக்கு அஞ்சான்.

மற்றொன்று, சாதி. ஒரு மறவன் கல் வெளிப்பட்டவுடன் 'இவன் எம் குலத்தான்' என்று நான்கு பக்கத்திலிருந்தும் வருவர். எங்கள் குழுவிலேயே ஒருவர் அங்ஙனம் எழுதச் சொன்னார். கல்லில் இல்லாததை ஏட்டில் எழுதோம் என்று மறுத்தோம். அவர் ஓராண்டு வராதிருந்து பின் தாமே வந்தார். கல்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதனை உள்ளபடி எழுதுக. இல்லாததை ஓரெழுத்தும் சேர்க்காதீர். ஊர் ஆநிரையைக் காக்க உயிர்கொடுத்தவனை ஒரு தெருவுக்குள் அடைப்பது, அவனை இரண்டாம் முறை கொல்வதாகும்.

இனித் தொண்டர்களைப் பற்றி ஒரு சொல். ஊதியமின்றி வருபவரை ஏவலரைப்போல் நடத்தினால் மூன்றாம் திங்களில் மன்றம் கலையும். நடைக்கு வருவோரின் பேருந்துக் கட்டணத்தையும் தேநீர்ச் செலவையும் பொதுப்பணத்திலிருந்து கொடுங்கள், வறியவரும் வரமுடியும். வரவுசெலவைத் திங்கள்தோறும் எல்லாரும் கேட்கப் படியுங்கள். ஐந்து உருபாவில் எழும் ஐயம் ஐந்தாண்டு நட்பைக் கெடுக்கும். பொறுப்புகளை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். செயலன் பதவியில் நானே நெடுநாள் இருந்தது பிழையென்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வரும் தைத்திங்களில் கல்லூரி மாணவி ஒருவர் அப்பொறுப்பை ஏற்கவிருக்கிறார். எங்கள் குழுவில் பெண்கள் சேர்ந்த பின்னரே ஊர்ப்பெண்டிர் எங்களிடம் வாய்திறந்து பேசினர். அதுவரை ஊரின் பாதி நினைவு எங்களுக்கு எட்டவேயில்லை. நாளிதழுக்குச் செய்தி கொடுக்கும்போது கண்டவர், சொன்னவர், படியெடுத்தவர் ஆகிய எல்லார் பெயரும் வரவேண்டும். ஒருவர் பெயர் மட்டுமே வரக்கூடுமாயின் அது முதலிற் சொன்னவர் பெயராக இருக்கட்டும்.

"அப்படியாயின் விழாவே வேண்டாவா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆறாவது துறை வாழ்த்தலன்றோ? தொல்காப்பியர் அதனை விலக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார். மக்களைத் திரட்டவும் இளைஞரை ஈர்க்கவும் விழா இன்றியமையாதது. ஆண்டு முழுதும் ஐந்து துறைகளைச் செய்து முடித்தவர் ஆறாவதற்கு மேடையேறலாம். எங்கள் விதி இப்போது எளியது. பதிவேட்டில் அவ்வாண்டு பன்னிரண்டு புதுப்பதிவுகள் இல்லையேல் ஆண்டுவிழா இல்லை. சென்ற ஆண்டு ஒன்பதே இருந்தன. விழா நடக்கவில்லை. சிலர் முகம் சுளித்தனர். ஆனால் இவ்வாண்டு ஆவணித்திங்கள் முடியுமுன்பே பதினாறு ஆகிவிட்டன.

பாலத்துச் சுவரில் அக்கல் இன்றும் இருக்கிறது. வில்லின் பாதியையும் மூன்று எழுத்துகளையும் படியெடுத்து வைத்திருக்கிறோம். எங்கள் பதிவேட்டின் முதற்பக்கத்தில், முதல் எண்ணில், 'முதலிற் சொன்னவர்' என்னும் கட்டத்தில் அம்மூதாட்டியின் பெயரை எழுதினோம். அதன் எதிரே கல்லின் பெயரெழுதும் இடம் வெறுமையாய் இருக்கிறது. கூட்டம் தொடங்குமுன் அப்பக்கத்தைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். தமிழ்த்தாய் வாழ்த்துக்குப்பின் எங்களுக்கு அதுவே இரண்டாம் வாழ்த்து.

எழுதத் தெரியாத வழிப்போக்கனுக்காகக் கல்லிற் குழி தோண்டி வைத்த முன்னோரின் நாட்டில், எழுதத் தெரியாத ஒருத்தி கண்டு சொன்னதை எழுதத் தெரிந்த நாங்கள் ஒரு திங்கள் தள்ளிப்போட்டோம். தமிழன்பர்களே, உங்கள் ஊரிலும் எவரோ ஒருவர் உங்கள் மன்றத்தாரிடம் ஏதோ ஒரு கல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார். உங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர். தண்ணீரும் தூரிகையும் ஓர் ஏடும் எடுத்துக்கொண்டு விடியற்காலையிற் புறப்படுங்கள். சொன்னவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.